பிரிக்காத மாத்திரை அட்டை

— அசையாதீங்க. பனியன் ஒட்டிக்கிட்டிருக்கு. இழுத்தா தோலோட வந்துடும்.

— இழுத்துடு. ஒரே இழுப்பு.

— ஒரே இழுப்புல கிழிக்க இது என்ன கந்தல் துணியா? வெந்நீர் விட்டு ஊறினாத்தான் வரும். கொஞ்சம் குனிஞ்சு உட்காருங்க.

— ராத்திரி பூரா பஸ் ஓட்டிட்டு வந்திருக்கேன். குனி, நிமிருன்னு உயிரை வாங்காதம்மா. போய்த் தூங்கணும்.

— எங்க தூங்குறீங்க? குப்புறப் படுத்துக்கிட்டு தலகாணியை முறைக்கிறதுக்குப் பேரு தூக்கமா? கையைத் தூக்குங்க. ஐயோ, இங்க ரெண்டு புதுசா கிளம்பியிருக்கு. தோள்பட்டைகிட்ட இருந்தது உடைஞ்சே போச்சு.

— ரோட்டுல ஒரு பள்ளம். சீட்டு முதுகுல வந்து இடிச்சுது. அப்பவே தெரியும் உடைஞ்சிருக்கும்னு.

— சட்டைக்குள்ள மெத்து மெத்துன்னு துணி வெச்சுத் தைச்சுக் குடுத்தேனே? முதுகுப் பக்கம் ஒரு தையல்கூட வராம வெட்டினேன். ஊரெல்லாம் என்கிட்ட ரவிக்கை தைக்க வரிசையில நிக்குது, நான் அதை ஓரமா வெச்சுட்டு உங்க யூனிபார்மைத்தான் தைச்சுக்கிட்டிருந்தேன்.

— உன் தையல்ல குத்தமே இல்ல, டெய்லரம்மா. என் முதுகுலதான் குத்தம். ஸ்ஸ்ஸ்... மெதுவா!

— மெதுவாத்தான். முடிஞ்சுது. இருங்க, மருந்தை வெக்கிறேன். ஏங்க, வந்ததுலேர்ந்து மூஞ்சி இப்படி இருக்கு. வண்டியில ஏதாவது நடந்துச்சா?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

— டெப்போவுல வண்டியை ஒப்படைச்சேன்ல, அடுத்து ஏறின டிரைவர் சீட்டுல பிளாஸ்டிக் கவர் விரிச்சான். என் கண்ணு முன்னாடியே. விரிச்சு, நாலு மூலையும் இழுத்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்தான்.

— ஒட்டுற வியாதி இல்லப்பான்னு சொல்ல வேண்டியதுதானே?

— யார் யார்கிட்ட சொல்ல? மைக்கைப் புடிச்சு, ‘பயணிகள் கவனத்துக்கு, டிரைவருக்கு வந்திருக்கிறது வெறும் பருதான், பயப்படாம ஏறுங்க’ன்னு சொல்லவா? சொன்னா சிரிப்பாங்க. மீசை நரைக்கிற வயசுல என்னய்யா பருன்னு கேப்பாங்க.

— சிரிக்கட்டும். தோல் டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இது சாதாரணப் பரு இல்ல, உள்ளுக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு வழி வெட்டிக்கிட்டுப் போகுது, இப்படியே விட்டா வடு ஆழமா நின்னுடும்னு சொன்னாங்களா இல்லையா?

— சொன்னாங்க.

— தடவுற மருந்து எல்லாம் பார்த்தாச்சு. அந்த ஆன்டிபயாட்டிக்கும் மாசக்கணக்கா முழுங்கினீங்க. நிறுத்தின மறுவாரமே திரும்பி வந்து உட்கார்ந்துச்சு. மிச்சம் இருக்கிறது இந்த கேப்சூல் ஒண்ணுதான்னு சொன்னாங்களா இல்லையா?

— வக்கீல் மாதிரி கேக்காத. சொன்னாங்க.

— அப்ப அலமாரியில அந்த அட்டை ஏன் பிரிக்காம அப்படியே கெடக்கு? அதான் கேக்குறேன். தினமும் தூசி தட்டி வெக்கிறேன். பொம்மையா அது?

— கொஞ்சம் யோசிக்கணும்.

— இன்னும் என்ன யோசனை? நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள முதுகே இருக்காது.

— அது சும்மா தலைவலி மாத்திரை இல்லம்மா. லிவரைப் பாதிக்கும்னு அவங்களே சொன்னாங்க.

— பாதிக்கலாம்னு சொன்னாங்க. அதுக்குத்தான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்தாங்க. லிவர் நல்லாருக்கு, கொழுப்பும் அளவோட இருக்கு. நடுநடுவுல எடுத்துப் பார்ப்பாங்க, ஏறினா நிறுத்திடுவாங்க. நீங்க குடிக்கிறதும் இல்ல. அப்புறம் என்ன?

— உதடு வெடிக்கும். மூக்குல ரத்தம் வரும். கண்ணு காஞ்சு போகும்.

— உதட்டுக்குத் தடவ டப்பா வாங்கி வெச்சாச்சு. கண்ணுக்குச் சொட்டு மருந்து இருக்கு. இப்ப மட்டும் ரத்தம் வராமயா இருக்கு? இந்தப் பனியனைப் பாருங்க, ஏதோ வெட்டுக்குத்துல கெடந்தவன் போட்ட பனியன் மாதிரி.

— ரெண்டாவது குழந்தைன்னு பேசினோமே? அந்த மருந்து குழந்தையைப் பாதிக்கும்னு...

— அதையும் நான் கேட்டுட்டேன். சாப்பிடுறது பொம்பளையா இருந்தாத்தான் அந்த ஆபத்து. கருவுல இருக்கிற குழந்தையை ரொம்ப மோசமாப் பாதிக்குமாம், அதனால மாத்திரை எடுக்கிற வரைக்கும் கர்ப்பமே ஆகக் கூடாதாம். ஆம்பளைக்கு அது இல்லைன்னாங்க. நான் மட்டும் தப்பித் தவறிக்கூட அதை முழுங்கக் கூடாது, யாருக்கும் பங்கு போடவும் கூடாது. அவ்வளவுதான்.

— எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்க.

— நீங்க கேக்க வேண்டியதை எல்லாம் நான்தானே கேட்டேன்? நீங்க அங்க சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க.

— மனசைக் கெடுக்கும்னும் சொன்னாங்க. டெப்போவுல ஒருத்தரோட மச்சான் சாப்பிட்டு, யாரோடயும் பேசாம ஒரு மூலையில போய் உட்கார்ந்துட்டானாம்.

— நீங்க இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க? பாப்பா முதுகுல உப்பு மூட்டை ஏறணும்னு வந்தா, ‘தள்ளிப் போ’ன்னு ஒரு கத்து. புள்ள இப்ப கேக்குறதே இல்ல. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வரல. சட்டையைக் கழட்டணும்னா லைட்டை அணைக்கச் சொல்றீங்க, என் முன்னாடியே. மனசு இதுக்கு மேல என்ன கெடணும்? டாக்டரம்மாகிட்ட இதையும் மறைக்காம சொன்னேன். சரி, அப்ப வீட்டுல ஒருத்தர் கவனிச்சுக்கிட்டே இருங்க, கொஞ்சம் மாறினாலும் உடனே போன் பண்ணுங்கன்னாங்க. கவனிக்க நான் இருக்கேன்.

— சரி, அதெல்லாம் விடு. ராத்திரிப் பார்வை? சில பேருக்கு இருட்டுல கண்ணு தெரியாமப் போகும், அதுவும் திடீர்னு. அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க, நீயும் கேட்ட. நான் ராத்திரி பஸ் ஓட்டுறவன். பின்னாடி அத்தனை பேரும் என்னை நம்பி வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாங்க. இதுக்கு என்ன பதில் வெச்சிருக்க?

— அது நியாயம். அதுல நான் உங்களைக் குறையே சொல்ல மாட்டேன்.

— அப்பாடா. ஒண்ணாவது ஒத்துக்கிட்டியே.

— ஒத்துக்கிட்டதாலதான் நேத்து டெப்போவுக்குப் போனேன்.

— எங்க போன?

— டெப்போவுக்கு. உங்க மேனேஜரைப் பார்த்தேன்.

— யாரைக் கேட்டுப் போன?

— யாரைக் கேக்கணும்? உங்களைக் கேட்டா ‘யோசிக்கணும்’பீங்க. அதான் நானே போயிட்டேன்.

— என்னம்மா நீ! என் டூட்டி, என் டெப்போ. பொண்டாட்டியை அனுப்பிச் சலுகை கேக்குறான்னு பேசமாட்டாங்களா? நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட உள்ள போவேன்?

— இதே மூஞ்சியோடதான். மேனேஜரைக் கெட்ட மனுஷன் மாதிரி சொல்றீங்க, அவர் எவ்வளவு தன்மையாப் பேசினார் தெரியுமா? நாற்காலி போடச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும், ‘மாத்திரை முடியற வரைக்கும் பகல் வண்டி தர்றேன்மா, அவர் நல்ல டிரைவர், ஒரு கீறல் போட்டது கிடையாது’ன்னார்.

— வேற என்ன சொன்னார்?

— கொஞ்ச நாளா வண்டி லேட்டா வருதாம். மேம்பாலத்துல எல்லாம் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து வர்றீங்கன்னு பயணிங்க புகார் பண்ணாங்களாம். நான்தான், முதுகு வலிங்க, பள்ளம் மேட்டுல வேகமா விட்டா உயிர் போகுதுன்னு சொன்னேன். ‘அப்படியாம்மா, என்கிட்ட சொல்லவே இல்லையே’ன்னு வருத்தப்பட்டார்.

— அதையும் சொல்லிட்டியா?

— ஏன், தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்ல. சரியாத்தான் சொன்ன.

— அப்புறம் என்ன? பகல் வண்டி வந்தாச்சு. வெளிச்சத்துல ஓட்டப் போறீங்க, கண்ணு மங்கினாலும் பயமில்ல, முதல்ல டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையை நிறுத்திடலாம். ராத்திரி வீட்டுல இருப்பீங்க. இன்னைக்கே பிரிச்சுடலாமா? சாப்பாட்டோட சேர்த்துத்தான் முழுங்கணும். தட்டு போடட்டுமா?

— வேணாம்.

— ஏங்க?

— பகல் வண்டி எனக்குச் சரிப்படாது. பகல்ல ஒரே டிராபிக். ஹாரன் அடிச்சே கை வீங்கிடும். ராத்திரி ரோடுதான் எனக்குப் பழக்கம்.

— இதென்ன கூத்து! போன வாரம்தானே, பகல்ல ஓட்டுறவன் எல்லாம் மகாராஜான்னீங்க?

— போன வாரம் சொன்னேன். இப்ப வேணாங்குறேன்.

— ஒரு பேச்சுல நில்லுங்களேன்! லிவர்னீங்க, ரத்தம் எடுத்தோம். குழந்தைன்னீங்க, கேட்டேன். கண்ணுன்னீங்க, டூட்டியையே மாத்திட்டு வந்தேன். ஒவ்வொரு முடிச்சா நான் உட்கார்ந்து பிரிக்கிறேன், நீங்க பின்னாடியே புதுசாப் போட்டுக்கிட்டு வர்றீங்க. உங்களுக்கு நல்லாகணும்னு ஆசை இருக்கா இல்லையா?

— சொன்னாக் கேளும்மா. இன்னைக்கு இந்தப் பேச்சு வேணாம்.

— இன்னைக்குத்தான் பேசணும். பகல் வண்டி நாளைலேர்ந்துதான். இன்னைக்குச் சாயங்காலம் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி கண் டாக்டரைப் பார்க்கணும். மேனேஜரே நேரம் வாங்கி வெச்சிருக்கார்.

— கண் டாக்டரா? எதுக்கு?

— மருந்துக் காரணம் சொல்லி டூட்டி மாத்தினா கண்ணைப் பரிசோதிச்சுத்தான் ஆகணுமாம். இப்ப எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே, மாத்திரையால குறைஞ்சுதான்னு பின்னால சொல்ல முடியும்? நம்ம டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னாங்க. ஊசி கூட இல்ல. இருட்டு ரூம்ல உட்கார வெச்சு, கண்ணுல வெளிச்சம் அடிச்சு அணைச்சுட்டு, எவ்வளவு நேரத்துல கண்ணு பழகுதுன்னு பார்ப்பாங்களாம்.

— போக மாட்டேன்.

— என்ன?

— போக மாட்டேன்னு சொல்றேன்ல! மேனேஜருக்குப் போன் போடு. பகல் வண்டியும் வேணாம், டெஸ்ட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்த அட்டையைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடு. முதுகு அழுகினா அழுகட்டும்.

— கத்தாதீங்க. பாப்பா எழுந்துடும். நான் என்ன சொல்றேன்னா, என்னால முடியலங்க. தினமும் இந்தப் பனியனைத் துவைக்கிறது நான். அலசும்போது தண்ணி செவக்கிறதைப் பார்க்கிறது நான். நீங்க இல்லாதப்ப பாப்பா, ‘அப்பாவுக்கு என்மேல கோவமா’ன்னு கேக்குது. அதுக்கும் நான்தான் பதில் சொல்றேன். மாத்திரைக்குப் பயந்தீங்கன்னா சொல்லுங்க, புரிஞ்சுக்கிறேன். எனக்கும் பயம்தான். டாக்டரம்மா ஒவ்வொண்ணாச் சொல்லும்போது எனக்குப் பாதியிலயே எழுந்து வந்துடலாம்னு இருந்துச்சு. ஆனா ஒரு இருட்டு ரூம்ல கொஞ்ச நேரம் உட்கார்றதுக்கு ஒரு மனுஷன் இப்படிக் கத்துவானா? அதுல அப்படி என்ன இருக்கு?

— உனக்குப் புரியாது.

— புரியற மாதிரி சொல்லுங்க. என்னைப் பாருங்க. மாத்திரைதான் காரணமா?

— இல்ல.

— அப்ப என்னதாங்க?

— திட்டக் கூடாது.

— திட்டல. சொல்லுங்க.

— மாத்திரைமேல பழி போட்டேன், முதுகுமேல பழி போட்டேன், எதுவும் இல்லம்மா... எதிர்ல ஒரு வண்டி லைட்டோட வந்து தாண்டிப் போயிட்டா, அதுக்கப்புறம் ரோடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல, மழைக்காலத்துலேர்ந்தே தெரியல. இன்னைக்கு ராத்திரி என்னை வண்டி எடுக்க விடாத.