லூர்துமேரி அம்மையார் வைத்த வெறுங்கண்ணாடி

காந்தத்தின் கண்டிப்பையும் கண்ணாடியின் மென்மையையும் ஒரே கையில் பழக்கிய கருணையே! முப்பத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் ஆய்வகத்தைத் திறந்தும் துடைத்தும், எங்களைத் திருத்தியும் திட்டியும் காத்த திருவே! பென்னாகரத்திலிருந்து முதல் பேருந்தில் ஏறி, முதல் மணிக்கு முன்பே மேசையைத் துடைத்து முடிக்கும் முனைப்பே! இயற்பியல் துறையின் ஆய்வக உதவியாளர், மாண்புமிகு லூர்துமேரி அம்மையாரே! பணி நிறைவு பெறும் உங்களுக்குக் கூப்பிய கைகளோடு எங்கள் வணக்கம்!

இத்தகைய வாழ்த்து மடல்களில் குறை எதையும் எழுதுவதில்லை. இதில் ஒன்று எழுதப்போகிறோம். உங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், சற்று நேரம் உங்களை ‘அவர்’ என்று சொல்லப் பொறுத்தருள்க.

உறவுகளே! கல்லூரியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டிருந்தால், ‘கண்ணாடி துடைக்கறனுங்க’ என்றுதான் இவர் சொல்லியிருப்பார். நம்பாதீர்கள். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள தங்க, கோபால்ட் புள்ளிகளைக் கண்ணாடித் தட்டின் மேல் கோடிக்கணக்கில் படியவைத்து, அதன் வழியே லேசர் ஒளியைச் செலுத்துவது எங்கள் ஆய்வு. புள்ளிக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை அந்த ஒளி ஒன்றாக ஊஞ்சலாட்டும். பக்கத்தில் காந்தத்தை இயக்கினால், வெளிவரும் ஒளியின் அதிர்வுத் திசை இம்மியளவு திரும்பும். காந்தத்தைப் புரட்டினால் எதிர்ப்பக்கம் திரும்பும். ஒளிக்கே கடிவாளம் போடும் இந்த வேலையில் ஒரு தும்மல்கூட அளவீட்டைக் கெடுக்கும். கொண்டை ஊசியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் அம்மையார் காந்தத்தின் அருகே போவார். பேராசிரியரே ஆனாலும் ஊசியோடு வந்தால் உள்ளே விடமாட்டார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து நண்பகல். துறைத்தலைவர் கலைமதி தலைகால் புரியாத மகிழ்ச்சியில் இருந்தார். ஐந்தாண்டு பாடுபட்டுச் செய்த தட்டு, எவரும் கண்டிராத அளவுக்கு ஒளியைத் திருப்புகிறது என்று கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். புள்ளிகள் படியாத வெறுங்கண்ணாடியை முதலில் அளந்து, அதன் பங்கைக் கழிப்பது இந்த ஆய்வின் அரிச்சுவடி. மின்சாரம் போவதற்குள் முடிக்கும் அவசரத்தில் அதை அவர் விட்டிருந்தார். அன்று மீண்டும் ஒருமுறை அளந்தார். அதே திருப்பம் வந்தது. அப்போது லூர்துமேரி அம்மையார் ஒரு டப்பாவோடு வந்து நின்றார்.

“மேடம், தப்பு பண்ணிட்டனுங்க. லேசர நேர் பண்றதுக்கு வெறுங்கண்ணாடி வெச்சனுங்க, மாத்த மறந்துட்டேன். தங்கம் போட்டது இதோ டப்பாலயே இருக்குது. ஆனா கணக்கு அதேதான் வந்திருக்குது. தங்கமே இல்லாம வெளிச்சம் எப்படிங்க திரும்பும்?”

கலைமதிக்கு முகம் சிவந்தது. ஐந்தாண்டு உழைப்பு ஒரு கேள்வியில் கவிழ்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. “எதையோ மாத்தி வெச்சிட்டு எங்கிட்ட கதை சொல்லாதீங்கம்மா” என்று மாணவர்கள் முன்னிலையில் சீறினார். அளவீட்டு நோட்டில் எழுதியும் வைத்தார்: ‘உதவியாளர் தட்டுகளை மாற்றிக் குழப்பிவிட்டார். இந்த அளவீடு செல்லாது.’

அந்த ஞாயிறு, அம்மையார் திருப்பலிக்குப் போயிருந்த வேளையில், கலைமதி தனியே வந்து தம் கையாலேயே வெறுங்கண்ணாடியை வைத்தார். ஒளி ஏறக்குறைய அதே அளவு திரும்பியது. இத்தனை நாளும் திருப்பியது பெரும்பாலும் கண்ணாடி. புள்ளிகளின் பங்கு சொற்பம். நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஓராண்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்து, சிறியதானாலும் உண்மையான எண்ணை எழுதினார். எங்கள் துறைக்கு இன்று வெளியில் இருக்கும் மதிப்பு அந்தச் சிறிய எண்ணால் வந்தது.

எல்லாவற்றையும் திருத்தியவர் நோட்டில் இருந்த வரியை மட்டும் திருத்தவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட்ட மன்னிப்பு, நாளாக நாளாகக் கனத்துப்போயிற்று. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் அந்த நோட்டைப் படித்தார்கள்; ‘மாத்தி வெச்ச அம்மா’ என்று பெயரும் வைத்தார்கள். அது அம்மையார் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எண்ணை உரக்கப் படித்துவிட்டு வைக்கத் தொடங்கினார். என்ன கவனம் என்று நாங்கள் புகழ்ந்தோம். அது காயம் என்று தெரிந்தவர் எங்களுள் ஒருவர் மட்டும் இருந்தார்.

விழா பற்றிச் சொல்லப் போன கலைமதியிடம் போன மாதம் அம்மையார் கேட்டது இவ்வளவுதான்: “மடலெல்லாம் எதுக்குங்க மேடம்? எந்தம்பி மவ ஜோஸ்பின் வர்ற ஜூன்ல இங்கதான் எம்.எஸ்சி. சேர்றா. அந்த நோட்ட அவளும் படிப்பா. அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிடுங்க, போதும்.”

அம்மையீர்! நோட்டில் எதையும் அழிக்கக்கூடாது. ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, எழுதியவரும் சாட்சியும் கையெழுத்திட வேண்டும் என்று ஒவ்வொரு புதிய மாணவருக்கும் சொல்லித் தந்தவர் நீங்கள். அதன்படியே இன்று காலை கலைமதி கோடு இழுத்து எழுதினார்: ‘தட்டு மாறியது உண்மை. அளவீடு செல்லும். பிழை என்னுடையது. அதைக் கண்டுபிடித்தவர் லூர்துமேரி.’

முழங்கால் வலி தீர்ந்து, பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்து, கொண்டை ஊசியைக் கழற்றும் கவலையே இல்லாமல், நலமாக நெடுங்காலம் வாழ்க நீங்கள்!

இம்மடல் சட்டமிட்டு உங்கள் வீட்டுக்கு வரும். நோட்டு இங்கேயே இருக்கும், ஜோஸ்பின் படிக்க. இப்போது அது மேடை மேசையின் மேல் திறந்திருக்கிறது. சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். வாருங்கள் அம்மா, பேனா பக்கத்திலேயே இருக்கிறது.

உங்கள் அன்பில் என்றும்,
இயற்பியல் துறைப் பேராசிரியர்கள், அலுவலர்கள், ஆய்வு மாணவர்கள்

மேடையில் படித்தவர்: இளம்பரிதி
எழுதியவர்: கலைமதி