வாசிக்காத பக்கம்

— அஞ்சே முக்கால் ஆயிடுச்சு மணியம்மா. ஆறு மணி திருப்பதி பஸ்ல நியூஸ் கவர் போட்டாத்தான் காலைப் பேப்பர்ல வரும். நாலு வார்த்தை சொல்லும்மா.

— என் பேரு வேணாம் வேதம் சாரு.

— எங்க பேப்பர் ஓனர் கங்கையா காரு காலமாயிட்டாரு. மண்டலத்துக்கு ஒருத்தர் அவரப் பத்திப் பேசணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. குடிபாலாவுக்கு நீதான். நீங்கல்லாம் சாராயக் கடைய ஒடச்சப்ப உன் போட்டோவ மொதல் பக்கத்துல போட்டவராச்சே.

— போட்டாரு. எட்டே நாள்ல கடைய மூடிட்டானுங்க. மொதல்ல திருப்பதி மல அடிவாரத்துல, அலிபிரில, சாமி காலண்டர் வித்துக்கினு இருந்தவராமே?

— ஆமா. அப்பறம் எம்எல்ஏங்க அவர் வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நின்னாங்க. உன் வாயால எழுதிக்கட்டுமா?

— எழுது. மல மேல கீற சாமிக்கு மனு போட்டாக்கூட லேட்டு ஆவும், இவுருகிட்ட ஆவாதுன்னு எழுது.

— அடேயப்பா! இதான் வேணும்.

— அவ்ளோ பெரிய மனுசன். எங்க பதினாலு ஊட்டு நெலத்த சர்க்காரு புடுங்கி மாங்கூழ் ஃபேக்டரிக்குக் குடுத்தப்ப மட்டும் இன்னாத்துக்கு ஒரு வரி எழுதல?

— பஸ் வந்துடும்மா.

— வரட்டும். ஊரு இன்னா பேசுது தெரியுமில்ல? போட்டோவுக்குப் பல்ல இளிச்சிக்கினு நான்தான் கைநாட்டு வச்சு நெலத்தக் குடுத்துட்டேனாம். எங்க ஊட்டுக்காரரு எங்கிட்ட பேசி அஞ்சு வருசம் ஆவுது. சோறு வேணும்னாக்கூட தட்டத் தட்டுவாரு.

— நீ கைநாட்டு வைக்கலம்மா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— பேப்பர்ல வந்துச்சு. தொண்ணூத்தி மூணுல, ஏழாம் பக்கம். நான்தான் எழுதினேன்.

— இன்னான்னு?

— ஏழைங்களுக்குக் குடுத்த நெலம், பயிரும் இல்ல, ஆளும் இல்லன்னு. நீங்கல்லாம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தீங்க பாரு, அப்ப போட்டோ எடுத்தேன். முள்ளுச் செடி, பூட்டின வீடு. அத வச்சுத்தான் பட்டாவ ரத்து பண்ணாங்க.

— மழ இல்லாமத்தான போனோம்?

— தெரியும். அத எழுதல. ஃபேக்டரி கங்கையா காரு மருமகனோடது. கூப்பிட்டு எதிர்ல உக்கார வச்சாரு. அவரே காபி ஆத்திக் குடுத்தாரு. என்ன மாதிரி ஆளுக்கு அது வரைக்கும் அங்க நாற்காலியே கெடையாதும்மா.

— தெலுங்குப் பேப்பர டீக்கடைல நீதான தமிழ்ல படிச்சு சொல்லுவ. அன்னிக்கும் படிச்சியே.

— படிச்சேன். நீங்கல்லாம் ஊரு திரும்பி ஒரு வாரம் இருக்கும். ஆறாம் பக்கம் முடிஞ்சதும் ரெண்டு தாளச் சேத்துத் திருப்பி சினிமாப் பக்கத்துக்குப் போயிட்டேன். அதுல வந்த ஜோக்குக்கு உன் வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் மேல சிரிச்சாரு. ஞாயித்துக்கிழம சர்ச்சுல கண்ண மூடினா அந்தச் சிரிப்புதாம்மா கேக்குது. கர்த்தர் என்ன மன்னிக்கவே வேணாம். நீ...

— அழாத சாரு. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அந்தப் பக்கந்தான். கடல கட்டின காயிதத்துல வந்துச்சு. எங்க பொண்ணு யமுனா தெலுங்கு பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்தா இல்ல? கடலய துன்னுக்கினே எழுத்துக் கூட்டிப் படிச்சா.

— வீட்டுக்காரர்கிட்ட காட்டலியா?

— காட்டினேன். "வேதம் சாரு படிச்சப்ப அது இல்லியே, புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்துட்டியா"ன்னாரு. அதான் எங்கிட்ட கடைசியா பேசினது. ஊரும் அதான் சொல்லிச்சு. உன் வாய்ல வராதது பேப்பர்லயே வரலயாம்.

— அஞ்சு வருசமா என்ன ஏம்மா கேக்கல?

— கேட்டா இல்லன்னுட்டு இருப்ப. அதுவும் அவங்களுக்கு ஒரு சாட்சி ஆயிருக்கும்.

— ஹாரன் கேக்குது. பஸ் திரும்புது.

— போவட்டும். இந்தா, அந்தக் காயிதம். எங்க ஊட்டுக்காரரு உள்ள முழிச்சிக்கினுதான் கீறாரு. தமிழ்ல, கொஞ்சம் சத்தமா, படிக்கிறியா சாரு?