வழிவிட்ட கை

வழி விடுவதில் எனக்கு எப்போதுமே சந்தோஷம்தான் சார். பின்னால் வருகிறவனை மறித்துக்கொண்டே போவதெல்லாம் ஒரு பிழைப்பா? அவனவனுக்கு ஆயிரம் சோலி. நம்முடையது கல் லாரி. மேட்டில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஏறும். ஒதுங்கி, கையைக் காட்டி அனுப்பிவிட்டால் அவனுக்கும் நிம்மதி, நமக்கும் முதுகுக்குப் பின்னால் இரைச்சல் இல்லை.

டீ வேண்டாம், நீங்கள் குடியுங்கள். ஹரீஷ்குமார் மேல் போட்டிருக்கிற கேஸ் விஷயமாகத்தான் வந்தேன். அவன் கார் மோதி அந்தப் பெண் பொற்கொடி செத்ததில் என்னைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறீர்கள். லாரி டிரைவர் மாதப்பன் எதிரே கவனிக்காமல் கை காட்டிவிட்டார், கார்க்காரர் அதை நம்பி அவசரப்பட்டு ஏறிவிட்டார் என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒரு வார்த்தை தப்பு. அவள் வீட்டுக்காரன் பிரதாப்பும் வெளியே நிற்கிறான். உள்ளே வரும்போது பார்த்தேன். அவனுக்கும் சரியான விஷயம் தெரியவேண்டும் இல்லையா?

நீங்கள் ஜீப்பில் போகிறவர். உங்களைக் கண்டால் எல்லோரும் ஒதுங்குவார்கள். அதனால் இந்தக் கை காட்டுகிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். ராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளிக்கு வரும் ரோட்டில் வளைவு ஜாஸ்தி. என் வண்டியில் இருப்பது கருங்கல் பாளம். ஒரு ஆட்டோவை நிறுத்திவைத்த உயரம் இருக்கும். பின்னால் வருகிற கார்க்காரனுக்கு அந்தக் கல்லைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாது. எதிரே என்ன வருகிறது என்பது எனக்குத்தான் தெரியும். காலியாக இருந்தால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி முன்பக்கமாக வீசுவேன். வா என்று அர்த்தம். உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்தால் பொறு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, லைசென்ஸ் கொடுக்கும்போதும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கை வீசியதும் ஒருத்தனும் யோசிப்பதில்லை, எதிர்ப்பக்கம் ஏறிவிடுவான். என் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். பெண்டாட்டி பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என் கையை நம்பி ஏறுவான். இத்தனை வருஷ ஓட்டத்தில் அந்தக் கை ஒருமுறைகூடத் தப்பாக வீசியது கிடையாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிற ஜனங்களைப் பற்றி என்ன சொல்ல? சனிக்கிழமை ஆனால் பெங்களூரிலிருந்து கிளம்பி வருவார்கள். கார் கூரையைத் திறந்து பிள்ளையை நிற்கவைத்துக் காற்று வாங்கவைப்பார்கள். "ஜாக பிடப்பா" என்று கன்னடத்தில் ஒரு கத்தல். வழி விடணுமாம். நான் என்ன, அவன் அப்பன் வீட்டுக் கொல்லையிலா படுத்திருக்கிறேன்? கம்பெனிப் பையன்கள் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டே போவார்கள். தக்காளி வண்டிக்காரனுக்கு இண்டிகேட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது, கதவைத் திறந்து எச்சில் துப்பினால் திரும்பப் போகிறான் என்று நாம் புரிந்துகொள்ளவேண்டும். ஷேர் ஆட்டோவைப் பற்றிப் பேசி என் வாயைக் கெடுத்துக்கொள்ள விருப்பம் இல்லை.

இதையெல்லாம் சகிக்கலாம். முந்திப் போய், என் மூக்குக்கு முன்னாலேயே பிரேக் பிடிப்பான் பாருங்கள், இளநீர் கடையைப் பார்த்துவிட்டு, அதைத்தான் சகிக்க முடியாது. கல் லாரியில் சட்டென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும் தெரியுமா? வண்டி நிற்கும், கல் நிற்காது. நல்லுசாமி என்று சேலத்துக்காரர், என்னோடு ஒரே குவாரியில் ஓட்டினவர். அவர் முன்னால் ஒரு கார் அப்படி நின்றது. நல்ல மனுஷன், அவனை இடிக்கக்கூடாது என்று அழுத்திப் பிடித்துவிட்டார். சங்கிலியை அறுத்துக்கொண்டு கல் கேபினுக்குள் வந்துவிட்டது. கார்க்காரன் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. இளநீர் குடித்துவிட்டுப் போயிருப்பான்.

அதற்கப்புறம்தான் நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ரொம்பவும் துள்ளுகிறவனாகப் பார்த்து, எதிரே ஏதாவது வரும்போது கையை வீசிவிடுவேன். வெள்ளைக் கார் ஒன்று, நெடுநெடுவென்று வீடு மாதிரி இருக்கும், அது ஒருநாள் முட்டைக்கோஸ் டிராக்டருக்கு நேராகப் போய் நின்று, அங்கிருந்து பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் இறங்கியது. ஓட்டினவன் வெளியே வந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். தோட்டக்காரம்மா மண்வெட்டியோடு ஓடி வந்து, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாக அவர்களைத் தாண்டிப் போனேன். அவனுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. இந்த ஜனங்களுக்கு எப்போதும் தாங்கள்தான் அவசரப்பட்டுவிட்டோம் என்று தோன்றும். உண்மையும் அதுதானே?

அப்படி சில பேர். ஒருத்தருக்கும் கீறலைத் தாண்டி ஒன்றும் ஆனதில்லை. பார்த்துத்தான் செய்வேன்.

இப்போது ஹரீஷ்குமாருக்கு வருகிறேன். ஓசூரில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் காலையில் சாம்பல் நிறக் கார், தினமும் அதே ஹாரன். ஏற்றத்தில் நான் உயிரைக் கொடுத்து ஏறிக்கொண்டிருப்பேன். அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு விடாமல் அடிப்பான். கம்பெனி வாசலில் வருகை மெஷினில் விரலை வைக்க நேரமாகிவிட்டதாம். சீக்கிரம் எழுந்தால் என்ன? ஒருநாள் முந்தும்போது கண்ணாடியை இறக்கி, "ஏன்யா, ரோட்ட இன்னா உங்கப்பனா போட்டான்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

போட்டார் சார். எங்கப்பா வெங்கடப்பன் அந்த ரோட்டுக்குத்தான் ஜல்லி உடைத்தார். எங்கம்மா தார் வாளி தூக்கினாள். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் நிற்பாள், செருப்பு உருகிவிடும் என்று. அதைச் சொல்ல அவன் எங்கே நின்றான்? கேள்வி கேட்டவன் பதிலுக்கு நிற்பதுதானே மரியாதை.

பொற்கொடியை எனக்குத் தெரியும். பேசினது கிடையாது, ரோட்டில் பார்த்த பழக்கம். ராத்திரி ஷிப்ட் முடித்து, காலையில் ஸ்கூட்டியில் ராயக்கோட்டைப் பக்கம் திரும்பி வருவாள். ஆரஞ்சு ஹெல்மெட், தாடைக்குக் கீழே வார் போட்டிருப்பாள். இந்த ரோட்டிலேயே வார் போட்டவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். என் வண்டியைத் தூரத்தில் கண்டதும் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவாள். நான் தாண்டும்போது தலையை லேசாக ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். ஓட்டுகிறவர்களில் மனுஷ ஜென்மம் என்று நான் மதித்தது அந்தப் பெண்ணைத்தான். இதை பிரதாப்பிடம் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

அன்று காலையில் மழை விட்டிருந்தது. உத்தனப்பள்ளிக்கு முன்னால் ரோடு அகலப்படுத்துகிறார்களே, அந்த வளைவு. பின்னால் சாம்பல் நிறக் கார், ஹாரன். எதிரே முதலில் பஸ் வந்தது. நான் உள்ளங்கையைத் திருப்பி, பொறு என்று பிடித்தேன். இதை நன்றாகக் கவனித்து எழுதுங்கள். அவனைக் கொல்லவேண்டும் என்று இருந்திருந்தால் பஸ் வரும்போதே வீசியிருப்பேன், அவன் கார் அப்பளமாகியிருக்கும். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆரஞ்சு ஹெல்மெட் தெரிந்தது. ஸ்கூட்டிதானே, காருக்கு ஒன்றும் ஆகாது, இவன் பயந்து ஸ்டியரிங்கை ஒடிப்பான், அத்தோடு ஜென்மத்துக்கும் ஹாரனில் கை வைக்கமாட்டான் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன, வழக்கம்போல மண்ணில் இறங்கி நின்றுகொள்வாள்.

கையை வீசினேன். அவன் ஏறினான்.

அவள் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் பக்கத்து மண்ணில் ஜல்லி கொட்டியிருந்தது, இறங்க இடம் இல்லை. முதல்நாள் சாயங்காலம் அந்த ஜல்லியைக் கொட்டும்போது டிப்பர் பின்னால் நான்தான் காத்துக்கிடந்தேன். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். கை வெளியே போகும்போதே தெரியும். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

இருந்தாலும், ஜல்லி இருந்தால் என்ன, கொஞ்சம் முன்னாலேயே நின்றிருக்கலாம். ராத்திரி ஷிப்ட் பார்த்த கண், அசந்திருப்பாள். நல்லவர்களும் ஒருநாள் அசந்துவிடுகிறார்கள், அதுதான் இந்த ரோட்டில் கஷ்டம். கார் அவளை அடித்து, ஜல்லி மேல் ஏறிக் கவிழ்ந்தது. ஹரீஷ்குமாருக்குக் கால் எலும்பு போயிற்று.

நான் ஓடிப்போகவில்லை. லாரியை இடது ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டு, பின் டயருக்குக் கல் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். போய்ப் பார்க்கும்போது அவளுக்கு மூச்சு இருந்தது. பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நடுரோட்டில் அப்படி அப்படியே வண்டியைப் போட்டுவிட்டு செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று ஒரு நாய்க்கும் யோசனை இல்லை. நான்தான் நடுவில் நின்று, இதே கையால் ஒவ்வொரு வண்டியாக நகர்த்தினேன். நான் காட்டின பக்கம் எல்லோரும் மறுபேச்சு இல்லாமல் போனார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது வழி சுத்தமாக இருந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள், அது வேறு.

அன்றைக்கு நீங்கள்தான் என்னிடம் கேட்டீர்கள், "ஏம்ப்பா, எதிர்ல பாக்காம கை காட்டிட்டியா?" என்று. நான் பேசாமல் நின்றேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் விட்டேன். கேஸ் அவன் மேல் போகிறது, ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தால் திருந்துவான் என்று இருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்க்கத்தான். ஹரீஷ்குமார் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி அனிதா. என்னைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, நீங்க மனசுல எதுவும் வச்சிக்காதீங்கண்ணா. நான்தான் ஹாரன் அடிச்சி அடிச்சி உங்கள அவசரப்படுத்திட்டேன். அந்தக் கொழப்பத்துல நீங்க எதிர்ல கவனிக்காம காட்டிட்டீங்க. போலீஸ் வந்து கேட்டப்பவும் அதான் சொல்லியிருக்கேன். அண்ணன் மேல கேஸ் எதுவும் வாணாம், எல்லாம் என் தப்புதான்னு."

அந்தப் பெண் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணா. பாவம், உங்களுக்கும் வயசாயிடுச்சி இல்ல? கண்ணு முன்ன மாதிரி எங்க தெரியும்? லாரியெல்லாம் வுட்டுட்டு வேற ஏதாச்சும் சின்னதா பாத்துக்குங்க."

நான் உட்காரவில்லை சார். என்னைப் பார்த்து பாவம் என்கிறாள். கண் தெரியாதாம். ரிவர்ஸ் எடுக்கும்போது தெருநாயை அடிக்கிற கார்க்கார ஜாதி, எனக்குப் பார்வை பற்றிச் சொல்கிறது. வெளியே வந்து படிக்கட்டில் நின்று, எதிர்ச்சாரிக் கடை போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

அவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதை நான் தடுக்க வந்தேன் என்று நினைக்காதீர்கள். அவன் ஜெயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். நான் வந்தது அந்த ஒரு வார்த்தைக்காக. கவனிக்காமல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். கவனித்தேன். பஸ் போனதைப் பார்த்தேன், ஹெல்மெட்டைப் பார்த்தேன், ஜல்லி இருப்பது தெரியும், காருக்கும் ஸ்கூட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் கையை வீசினேன். அவளைக் கொன்றது நான். மாதப்பன் பார்க்காமல் கை காட்டினான் என்று நாளைக்கு ஒரு டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்து பேசக்கூடாது.

எங்கே கையெழுத்துப் போடணும்?

அப்புறம் ஒன்று, என்னை எங்கே கூட்டிப்போவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் அந்த பிரதாப்பைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பைக்கைக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறான். ஜீப் எப்படிப் போகும்? பெண்டாட்டி செத்த துக்கம் இருக்கட்டும், அடுத்தவனுக்கு வழி விடணும் என்கிற அறிவு வேண்டாமா?