பொட்டலத்துக்கு எந்தக் காலில் வலி

“இடது கால்மா, செவ்வாய்க்கிழமை நான் என் கண்ணால—”

“வலது காலுடி. நேத்து சாயங்காலம் இதே நாய் வாசல்ல நின்னுக்கிட்டு—”

“என்னை முடிக்க விடும்மா.”

“நீ என்னைக்கு முடிச்சிருக்க? டாக்டர், வலதுன்னு எழுதிக்கோங்க.”

“இடதுன்னு எழுதுங்க டாக்டர்.”

கால்நடை மருத்துவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். “ரெண்டு பேரும் ஒரே நாயைப் பத்தித்தானே பேசறீங்க?”

அந்த ஒரே நாய் எஃகு மேசையின் மேல் நான்கு காலையும் நன்றாக ஊன்றி நின்று, மருத்துவரின் கைக்கடிகாரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். என் மகளுக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கு அந்த அறையில் நானும் பொய் சொல்லவில்லை.

நாய்க்குட்டி வளர்ப்பதைப் பற்றி எல்லோரும் வீணாகப் பயமுறுத்துகிறார்கள். வீடு நாறும், செருப்பு மிஞ்சாது, தூக்கம் போகும் என்பார்கள். எங்கள் வீட்டுக் குட்டி அப்படியெல்லாம் எங்களைப் படுத்தவில்லை. பழைய துண்டில் சுற்றி மகள் அதைக் கொண்டுவந்தபோது முகம் எது, வால் எது என்று தெரியவில்லை. “என்னடி இது பொட்டலம்?” என்றேன். அதுவே பெயராகிவிட்டது. பொட்டலம் என்று கூப்பிட்டால் காது இரண்டையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஓடிவரும்.

“இது எதுக்கு இப்போ?” என்று கேட்டேன்.

“உனக்குத் துணைக்கும்மா.”

“எனக்குத்தான் நீ இருக்கியே.”

அவள் துண்டை உதறி மடித்து வைத்தாள். அவள் எதையாவது மடிக்க ஆரம்பித்தால், மனதில் வேறு ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

நான் எலும்பு முறிவுப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். கட்டுப் பிரித்தவர்களைக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி மறுபடியும் நடக்கப் பழக்குவது என் வேலை. ஆறடி ஆள் முதல் அடி எடுத்து வைக்கப் பயந்து என் தோளில் தொங்குவார். அவரை அதட்டியும் பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை. ஒரு அடி வைத்ததும் “ஆங், அப்படித்தான்” என்று சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த அடி வைப்பார். நாய்க்குட்டிக்கும் இதே வழிதான். சொல்லோடு கூட அவித்த முட்டைத் துண்டு ஒன்று வேண்டும், அவ்வளவே.

தாளில் மூத்திரம் போக நான்கு நாளில் பழகிவிட்டது. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டுபோய்த் தாளில் விட்டேன். போனால் “ஆங், அப்படித்தான்”. போகாவிட்டால் ஒன்றுமில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. உட்காரு, இரு, விடு எல்லாம் இரண்டே வாரம். “விடு” மட்டும் கொஞ்சம் இழுத்தது. என் மகள் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை செய்கிறாள். மெழுகில் பல் செதுக்குவதில் அவள் கை பெரிய கை. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மேல்வரிசை ஒன்றைப் பொட்டலம் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது.

“அம்மா, யாரோ ஒரு பெரியவரோட பல்லும்மா அது!”

“அவரும் இதைத்தானே செய்யப் போறார், கடிக்கத்தானே போறார்?”

இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தோம். குட்டி பல்லுக்குள் பல்லை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. குட்டி வந்ததில் எனக்கு மனக்குறையே இல்லை.

பிறகு கடிதம் வந்தது. ஒன்பது மணி நேரம் ரயிலில் போகவேண்டிய துறைமுக நகரத்தில் பெரிய பல்செட் கூடம் ஒன்றுக்கு அவளைத் தலைமை ஏற்கக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் அவளுக்குக் கீழே. கடிதத்தை மூன்றாக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

“பொட்டலம் இருக்கும்மா உன்கூட. மேல்வீட்டு அக்கா காலையில ஒரு தடவை எட்டிப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. மாசம் ஒரு தடவை நான் வந்துடுவேன்.”

“தாராளமாப் போயிட்டு வா கண்ணு” என்றேன். அதையும் மனதாரத்தான் சொன்னேன்.

அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினாள். அதன் இரண்டு பூட்டுகளும் டக், டக் என்று திறக்கும். சத்தம் கேட்டுக் குட்டி ஓடிவந்தது, பெட்டிக்குள் மூக்கை விட்டது, தும்மியது, அங்கிருந்து குளியலறைப் பக்கம் போனது. அப்போது காற்றில் கதவு சாத்திக்கொண்டது. முன்னங்காலில் பட்டுவிட்டது. அது கத்திய கத்தலில் மேல்வீட்டு அக்காவே இறங்கி வந்துவிட்டார். மகள் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டி திறந்தபடி கிடந்தது. அன்றைக்குப் போக அவள் எடுத்திருந்த பயணச்சீட்டு அப்படியே வீணானது.

எலும்பில் ஒன்றுமில்லை. ஐந்து நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஐந்து நாளில் நொண்டும்போதெல்லாம் அதற்கு முட்டை கிடைத்தது, மடி கிடைத்தது, “அய்யோ என் செல்லமே” கிடைத்தது. நொண்டுவது நல்ல வேலை என்று அது முடிவு கட்டிக்கொண்டது. அதை நான் சொல்லித்தரவில்லை. நான் செய்ததெல்லாம் அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டதுதான்.

மகள் வேலைக்குப் போனபிறகு, மதியத்தில் பெட்டியை இறக்குவேன். டக், டக். ஒரு காலைத் தொடுவேன். தொட்ட காலைத் தூக்கிக்கொண்டு அது மூன்று காலில் நடக்கும். ஆங், அப்படித்தான். கெட்டிக்கார நாய். ஒரு வாரத்தில் தொடவே தேவைப்படவில்லை. பூட்டுச் சத்தம் போதும்.

இங்கேதான் நான் தவறிவிட்டேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம் விடவில்லை. ஒரே காலைச் சார்ந்து நடந்தால் முதுகு கோணிப்போகும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வளர்கிற உடம்பு வேறு. ஆகவே ஒருநாள் இடது, ஒருநாள் வலது என்று மாற்றி மாற்றிப் பழக்கினேன். அதன் முதுகெலும்பைப் பற்றி எனக்கு அக்கறை இருந்தது. அக்கறை இல்லாதவளாக இருந்திருந்தால் மாட்டியிருக்கவே மாட்டேன்.

அவள் புறப்படுவதற்காகப் பெட்டி மூன்று தடவை இறங்கியது, மூன்று தடவையும் திரும்ப அலமாரி ஏறியது. துறைமுக நகரத்துக்காரர்கள் இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்போம் என்று எழுதினார்கள். அதனால்தான் மருத்துவரிடம் போனோம். நான் குட்டியை மூத்திரத்துக்கு வெளியே கூட்டிப்போயிருந்த நேரத்தில் அவர் மகளிடம், “எலும்பு சுத்தமா இருக்கு. ரெண்டு காலும் மாறி மாறி நொண்டற நாயை நான் பாத்ததில்லை. வீட்ல நீங்க இல்லாதப்போ என்ன செய்யுதுன்னு படம் எடுத்துப் பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் காலைப் பற்றியும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் படத்தில் இருந்தது உங்களுக்குப் புரியாது.

எனக்கு இடது கால் நொண்டல். பதினோரு வருடமாகத் தடியோடுதான் நடக்கிறேன். இடது கால் முடியாவிட்டால் தடி வலது கையில் இருக்கவேண்டும். நடிக்கிறவர்கள் எல்லோரும் வலிக்கிற பக்கத்துக் கையிலேயே பிடிப்பார்கள். நான் ஒருநாளும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஈரத்தரையில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. ஒன்பது நாள் நிஜமாகவே வலித்தது. பத்தாவது நாள் என் மகள் கண்ணாடிக் கடைக்காரரோடு கல்யாணத்துக்காகப் பதிவு அலுவலகத்துக்குப் போவதாக இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனிதர். எனக்கு இந்த மூக்குக்கண்ணாடியைச் செய்துகொடுத்தவரே அவர்தான். கடையை வேறு ஊருக்கு மாற்றுவதாக இருந்தார், அது ஒன்றுதான். “அம்மாவுக்குக் கால் சரியானதும் வரேன்” என்று மகள் சொன்னாள். “எவ்வளவு நாளானாலும் சரி” என்றார் அவர். இரண்டு வருடம் சொன்ன சொல் காப்பாற்றினார். என்மேல் அவருக்கு வருத்தமே கிடையாது, அவர் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரையும் எழுதித்தான் அனுப்பினார். மகளுக்கு அப்போது முப்பத்து மூன்று. இப்போது நாற்பத்திரண்டு.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் என் காலைத் தன் மடியில் எடுத்துவைத்துத் தைலம் தேய்ப்பாள். மெழுகில் பல் செதுக்குகிற விரல்கள், எங்கே எவ்வளவு அழுத்தவேண்டும் என்று தெரியும். பதினோரு வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. வலியில்லாத காலுக்கும் அது இதமாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை அவள் தைலம் எடுக்கவில்லை. கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து மேசையில் நிறுத்தினாள். “உக்காரும்மா. பொட்டலத்தைப் படம் எடுத்திருக்கேன். ஏழு நிமிஷம்தான்.”

நன்றாகவே வந்திருந்தது. முதலில் எங்கள் வீட்டு வெறும் கூடம். பிறகு நான் வருகிறேன், கையில் தடி இல்லை. முக்காலியில் ஏறுகிறேன், பெட்டியை இறக்குகிறேன். டக், டக். “இன்னிக்கு என்ன, வலது காலா? சரி, வலது” என்கிறது என் குரல். குட்டி நொண்டுகிறது, முட்டை வாங்கிக்கொள்கிறது. அதன் பிறகு எங்கள் வழக்கமான ஓட்டம். உடம்பு கட்டுவிட்டுப் போகக்கூடாது என்று தினமும் கூடத்தில் நாற்பது சுற்று ஓடுவேன். குட்டி வந்தபிறகு அதுவும் கூட ஓடும். நாற்காலிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். வாய்விட்டுச் சிரிக்கிறேன். என் வயதுக்கு நல்ல நடை, குதிகால் முதலில் படுகிறது, தோள் இரண்டும் சமமாக இருக்கின்றன.

மகள் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

“உனக்கு நல்லா ஓட வருதேம்மா” என்றாள்.

“ஏதோ, முடிஞ்ச அளவுக்கு.”

“எத்தனை நாளா?”

“குட்டி வந்ததுலேர்ந்துதான்.”

“அம்மா.”

“பதினோரு வருஷமா” என்றேன். கேட்டால் நான் மறைக்கிறவள் இல்லை. அதுவரை அவள் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குளியலறைக் கதவருகே போய் நின்று, அதை மெல்லச் சாத்தித் திறந்து பார்த்தாள். கனமான கதவு, கீழே ரப்பர் தடுப்பு இருக்கிறது. தானாக அசையாது.

“அன்னைக்குக் காத்தே இல்லையேம்மா” என்றாள்.

இல்லை. அன்றைக்குக் காற்று இல்லை. தடுப்பை நான்தான் காலால் தள்ளினேன், கதவையும் நான்தான் சாத்தினேன். மெதுவாகத்தான். எலும்பு உடையாமல் எவ்வளவு அழுத்தலாம் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் அவள் மருத்துவரிடம் தனியாகப் போய்வந்தாள். அவர் எழுதிக்கொடுத்த தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். நொண்டினால் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், எதுவும் தராதீர்கள். ஒழுங்காக நடந்தால் உடனே பாராட்டுங்கள். சரியான முறைதான். நானே அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஞாயிறு காலை பெட்டி இறங்கியது. டக், டக். பொட்டலம் இடது காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது கூடத்தை ஒரு சுற்று நொண்டியது, இரண்டாவது சுற்றில் காலை மாற்றிப் பார்த்தது, மூன்றாவது சுற்றில் மறந்துபோய் நான்கு காலில் நடந்தது. “ஆங், அப்படித்தான்” என்று அவள் அதைத் தூக்கிக்கொண்டாள். என் சொல்லை அவள் வாயில் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

“அது என் துணைக்கு வந்த நாய்டி” என்றேன்.

பொட்டலத்தின் கழுத்தில் வார்ப்பட்டையை மாட்டினாள். மேல்வீட்டு அக்காவின் எண்ணைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதிவைத்தாள். தைலப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். பெட்டி ஒரு கையில், பொட்டலம் ஒரு கையில். வாசலைத் தாண்டினாள்.

யாரையும் நான் கட்டிப்போட்டதில்லை. கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது. ஆனால் அவள் முதல் படி இறங்கியபோது என் இடது கணுக்காலில் சுருக்கென்று ஒரு வலி வந்தது. உண்மை வலி எது, பொய் வலி எது என்று இருபத்தெட்டு வருடம் பார்த்தவளுக்குத் தெரியாதா?

“கண்ணு, இந்தத் தடவை நெஜமாவே வலிக்குதுடி.”

அவள் நிற்கவில்லை. பார்க்கவில்லை, பேசவில்லை. குளிர்பெட்டிக் கதவில் எழுதியிருந்தபடியே செய்தாள். பொட்டலம் மட்டும் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. இரண்டாவது வளைவில் அவர்கள் தலை மறைந்தது. கீழே தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நான் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். குதிகால் முதலில் படும்படி, தோள் இரண்டும் சமமாக இருக்கும்படி, படி முனைவரை பதினோரு அடி எடுத்து வைத்தேன். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

“இதோ பாரு கண்ணு, நேரா நடக்கறேன் பாரு.”