கம்மென்று இருந்த கருவியை நம்பாதவருக்கு

கண்ணுக்குத் தெரியாத கதிரோடு காலமெல்லாம் பழகியும் கவனம் தளராதவரே, வார்ப்படங்களையும் வெல்டிங் இணைப்புகளையும் காமா கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் எங்கள் கூடத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரே, பெருமதிப்புக்குரிய லோகநாயகி மேடம் அவர்களே, வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பணிவு, பொறுமை, நேரந்தவறாமை என்று எழுதுவார்கள். அவையெல்லாம் உங்களிடம் உண்டு. ஆனால் எங்களுக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் எழுதுகிறோம்.

மதியச் சாப்பாட்டில் நீங்கள் இயற்பியல் வரலாறு சொல்வீர்கள். முப்பதுகளில் யுரேனியத்தை நியூட்ரானால் அடித்தவர்கள், அதன் கரு பிளந்ததை அறியாமல், புதுத் தனிமம் கிடைத்ததென்று சில ஆண்டுகள் நம்பியிருந்ததைச் சொன்னீர்கள். அறுபதுகளில் ஒருவர் பெரிய அலுமினிய உருளையில் ஈர்ப்பலை கேட்டதாக அறிவித்ததையும், அதேபோல் உருளை வைத்துக் காத்திருந்த மற்றவர்களுக்கு அது கேட்காமலே போனதையும் சொன்னீர்கள். அசல் ஈர்ப்பலை பிடிபட அடுத்த நூற்றாண்டு ஆனது. "மேடம் ஆரம்பிச்சிட்டாங்க, இனிமே சாம்பார் ஆறிடும்" என்பார் எங்களோடு வேலை பார்க்கும் ஜஸ்டின். "ஆறட்டும், அப்பதான் நீங்க ரெண்டாவது வாட்டி வாங்க மாட்டீங்க" என்பீர்கள். நாங்கள் சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, படமெடுத்து முடிந்ததும் எங்கள் டெக்னீஷியன் தேவா அறைக்கு வெளியே நின்று கேபிளைச் சுற்றி, கதிர் வீசும் இரிடியத் துண்டை அதன் காப்புப் பெட்டிக்குள் இழுத்தார். அது பெட்டிக்கு வரவில்லை. அது போய்வரும் குழாயின் நடுவே சிக்கிக்கொண்டது. கதிரை அளக்கும் பழைய மீட்டரோடு அவர் அறைக்குள் போனதுமே மீட்டர் படபடவென்று இரைந்தது. திரும்பி வந்து கேபிளை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டு மறுபடி போனார். குழாயை நெருங்கியபோது சத்தம் நின்றது. முள் பூஜ்யத்தில்.

"பெட்டிக்குள்ள போய்டுச்சு மேடம். மீட்டர் கம்முனு கீது" என்று சொல்லிக்கொண்டே குழாயைக் கழற்றக் கை நீட்டினார்.

வாசலில் நின்ற எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கு இல்லை. "தேவா, தொடாதே. கம்முனு இருந்தாதான் பயம். அப்படியே வெளிய வா" என்றீர்கள். நீங்கள் குரல் உயர்த்தி நாங்கள் கேட்டது அன்றுதான்.

அளவு மீறிய கதிரில் அந்த வகை மீட்டர் எண்ணத் திணறி வாயடைத்துப்போகும். பயிற்சித் தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நீங்கள் எங்களை வெளியேற்றி, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, நீண்ட இடுக்கியால் அந்தத் துண்டைப் பெட்டியில் சேர்த்தீர்கள். பிறகு டீ கேட்டீர்கள். ஆளுக்கொரு டீயோடு ஓடி வந்தோம்.

அதன்பின் தினமும் தேவாவின் விரல்களைப் பார்த்தோம், சிவக்கிறதா, தோல் உரிகிறதா என்று. அவர் சட்டையில் குத்தியிருந்த, உடலில் பட்ட கதிரைப் பதிவுசெய்யும் பட்டையின் அளவும் மருத்துவரின் சொல்லும் நேற்றுதான் வந்தன. கைகளுக்கு ஆபத்தில்லை. அதைக் கேட்டதும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "கை என்னுது மேடம், நீங்க இன்னாத்துக்கு அழுவுறீங்க" என்றார் தேவா.

நோய் அண்டாமல், நிம்மதி குன்றாமல், நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். இந்த மடலைச் சட்டமிட்டு உங்களிடம் தரப்போகிறவர் தேவா. சட்டம் கொஞ்சம் கனம். இரண்டு கையாலும் பிடித்துத்தான் தருவார்.

என்றும் உங்கள் அன்பில்,
சோதனைக் கூடப் பணியாளர்கள்,
மண்ணூர்பேட்டை