கப்பலுக்கு மூணு பேர்

— அதுல கைய வெக்காதீங்க சகலை. எடுங்க கைய. நான் இன்னும் வாசிச்சு முடிக்கல.

— நான் எங்கண்ணே வாசிக்கறதத் தடுத்தேன்? சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணப் போனேன். கீழ கடையில இருக்கறவங்க எல்லாம் மாடியையே பாக்கறாங்க.

— பாக்கட்டும். பாஸ் கிட்டார்காரன ஒரு நாளாவது நாலு பேரு திரும்பிப் பாக்கட்டும்.

— அதில்ல விஷயம். குழாய் அடைச்சுக்கிட்டா ஒரு சத்தம் வரும் பாருங்க, அப்படி வருது. யாரோ ப்ளம்பர் வந்திருக்கார்னு நெனச்சுப் பாக்கறாங்க.

— வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? மொதல்ல நான் இங்க இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்ல பல்லு வலி, டாக்டர்கிட்ட போறேன்னுதான சொல்லிட்டு வந்தேன்.

— அக்கா நம்பல. பல்லு வலிக்காரர் எதுக்கு கிட்டாரத் தூக்கிட்டுப் போறார்னு என் வீட்டுக்காரிகிட்ட போன்ல கேட்டிருக்காங்க.

— ஐயோ.

— உங்களுக்கு வேற போக்கிடம் ஏதுண்ணே? வீட்ட விட்டா இந்த மியூசிக் கடை. நேரா மேல ஏறி வந்துட்டேன்.

— அக்காளும் தங்கச்சியும் போன எடுத்தா வெக்கறதே இல்ல. நான் தும்முனா உங்க வீட்ல கைக்குட்டை தேடறாங்க. சரி, வந்தீங்க, பாத்தீங்க. கெளம்புங்க.

— என்ன பெடல் அது?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. சின்த் பெடல். நான் பாஸ் கம்பியத் தட்டுனா இது உங்க கீபோர்டு மாதிரி பேசும்.

— என் சத்தமா?

— உங்க சத்தம்தான். என்ன, பட்டா போட்டு வெச்சிருக்கீங்களா?

— தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா கேட்டேன்.

— நீங்க சும்மா கேக்கற ஆளில்ல. கேட்டுக்கோங்க, எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல. நாம வாசிக்கப் போற டூரிஸ்ட் கப்பல்ல மேடை சின்னது, மூணு பேருக்குத்தான் எடம்னு பாட்டுக்காரம்மா என்னிக்குச் சொன்னாங்களோ அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு. பாடறது அவங்க. கிட்டாரும் அவங்களே வாசிச்சுக்குவாங்க. டிரம்ஸ் அவங்க வீட்டுக்காரர். கட்டுன புருஷன கரையில விட்டுட்டா போவாங்க? மிச்சம் ஒரே எடம். நீங்க, இல்லேன்னா நான்.

— ஆமாண்ணே. ஒரு எடம்தான்.

— நீங்க போனா உங்க இடது கையே பாஸ் வாசிச்சுடும். நான் போனா கீபோர்டுக்கு எங்க போறது? இதோ, இந்த டப்பாகிட்டத்தான் போகணும். சாப்பாட்டுக்குக் கடை மூடற வரைக்கும் ரூமைக் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள இத வழிக்குக் கொண்டு வரணும். போதுமா? இதையும் போயி தங்கச்சிகிட்ட சொல்லுங்க.

— யார்கிட்டயும் சொல்லல. வாசிங்க, கேக்கறேன்.

— நின்னுக்கிட்டே கேக்காதீங்க, பரீட்சை ஹால் மாதிரி இருக்கு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ம்... இப்பக் கேளுங்க... என்ன?

— ஒண்ணுமில்ல.

— மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?

— அது எம் மூஞ்சிண்ணே. இப்படித்தான் இருக்கும்.

— சகலை, நான் எந்தப் பாட்டு வாசிக்கறேன்னாவது தெரியுதா?

— தெரியுது. கல்யாண மண்டபத்துல எல்லாரையும் எந்திரிச்சு ஆட வெப்போமே, அந்தப் பாட்டு. நான் இடது கையில உருட்டுவேன்ல.

— அதே உருட்டல்தான். கேட்டுக்கோங்க. அந்தப் பாட்டு வந்தாலே எனக்கு உள்ள ஒரு மாதிரி ஆயிடும். மத்த பாட்டுக்கெல்லாம் பாஸ் நான். ஜனங்க எந்திரிச்சு ஆடற ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பாஸ் நீங்க. நான் கிட்டாரத் தோள்ல மாட்டிக்கிட்டு கையத் தட்டிட்டு நிக்கணும். இளிச்சுக்கிட்டு வேற நிக்கணும், வீடியோ எடுக்கறாங்களே.

— அது பாட்டுக்காரம்மா பண்ணுன ஏற்பாடுண்ணே. அந்தச் சத்தம் கீபோர்டுலதான் வரும்னு.

— யார் பண்ணா என்ன? கைதட்டல் யாருக்கு? போன மாசம் ஒருத்தர் நேரா என்கிட்ட வந்தாரு. பாராட்டப் போறார்னு நான் கையெல்லாம் தொடைச்சுக்கிட்டு நின்னா, ஏசியக் கொஞ்சம் கூட்டி வைப்பான்னுட்டுப் போறாரு.

— நீங்க கூட்டி வெச்சீங்களே, நான் பாத்தேன்.

— சிரிக்காதீங்க. நம்ம மாமியார் இருக்காங்களே, அவங்க வீட்டுக்கு உங்களுக்கு எத்தன வருஷம் முன்னாடி வந்தவன் நான்? மூத்த மாப்பிள்ளை நான். இன்னிக்கு யாராவது வீட்டுக்கு வந்தா, இவர்தான் கீபோர்டு மாப்பிள்ளையோட சகலைன்னு என்னைக் காட்டறாங்க. எனக்குன்னு ஒரு அடையாளம் கிடையாதா?

— அத்தை ஏதோ வாய்தவறி...

— எல்லாரும் உங்க விஷயத்துல மட்டும் வாய் தவறுவாங்க. மாமாவோட டிவி ரிமோட்ட ரிப்பேர் பண்ணிக் குடுத்தீங்க, தலையில தூக்கி வெச்சுக்கிட்டாரு. அதே ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கிப் போட்டது நான். ஒருத்தர் வாயத் தொறக்கல. நேராவே சொல்லிடறேன் சகலை, உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. நல்லவரா வேற இருந்து தொலைக்கறீங்க, அதனால திட்டவும் முடியல.

— என்னமோ நான் சொகமா இருக்கற மாதிரி பேசறீங்களே. சாயங்காலமானா கீபோர்டு கத்துக்க வீட்டுல பத்துப் பிள்ளைங்க. பத்தும் அதே அஞ்சு விரல் பயிற்சி. அதுல ரெண்டு, மூக்க நோண்டிட்டு அந்தக் கையாலயே கீய அமுக்குதுங்க. கப்பல்ல போயி, தினம் வேற வேற ஆளுங்களுக்கு முன்னாடி, என் இஷ்டத்துக்கு வாசிக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?

— இருக்கும், இருக்கும். உங்களுக்கு ஆசை வந்தா போதும், அது தானா நடந்துடும். எனக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் பல்லு வலி வரணும். விடுங்க, வாசிக்கறேன்... சே! பாருங்க, மறுபடியும் கொளகொளங்குது. நான் ஒரு சுரம் குடுத்தா இது வாய்க்கு வந்ததப் பேசுது.

— ம்.

— கம்பியில தப்பில்ல. விரல்ல தப்பில்ல. காலையிலேருந்து எல்லா நாபையும் திருகிப் பாத்துட்டேன். கோளாறான பெடல என் தலையில கட்டப் பாத்திருக்கான் கடைக்காரன்.

— இருக்கலாம்.

— இருக்கலாமா? கோளாறுதான்! ஆளை விடுங்க. எனக்கு விதிச்சது ஏசிய கூட்டி வெக்கறதுதான். கீழ போயி இதத் திருப்பிக் குடுத்துடறேன். கப்பலுக்கு நீங்களே போங்க. போயி நல்லா இருங்க. அந்த ஒயரக் கழட்டுங்க சகலை.

— அண்ணே.

— என்ன?

— எல்லாத்துக்கும் முன்னாடி இருக்கே அந்தக் கருப்புப் பெடல், அது என்னது?

— கரகரப்புக்கு. என்னோட பழைய பெடல். அது இல்லாம நான் வாசிக்கறதில்ல, தெரியுமே.

— அதத் தூக்கிப் பின்னால போடுங்க. கிட்டார்லேருந்து வர்ற ஒயர் மொதல்ல சின்த் பெடலுக்குள்ளதான் போகணும். நீங்க சத்தத்தக் கரகரன்னு கலக்கிட்டு அப்புறமா அதுகிட்ட குடுக்கறீங்க. கலங்குனதுக்கு அப்புறம் அது எந்த சுரத்தன்னு பிடிக்கும்?

— அப்ப பெடல் கோளாறில்லையா?

— பெடல் நல்லாத்தான் இருக்கு. மாத்திப் போட்டாச்சா? இப்ப வாசிங்க... போதும், போதும். நிறுத்துங்க.

— கொஞ்சம் பரவால்லயே!

— பரவால்ல என்ன பரவால்ல? மேல்கம்பிய விட்டுட்டுக் கீழ வர்றீங்க, விட்ட கம்பி சும்மா அதிர்ந்துக்கிட்டே இருக்கு. பெடலு ஒரு நேரத்துல ஒரு சுரத்தத்தான் காது குடுத்துக் கேக்கும். ரெண்டு பேசுனா ரெண்டையும் விட்டுட்டு உளறும். வலது உள்ளங்கைய வெச்சு மத்த கம்பிங்க வாயப் பொத்துங்க.

— இப்படியா?

— இன்னும் நல்லா. இடது கையில மிச்ச விரலு எல்லாம் எதுக்கு வேடிக்கை பாக்குது? அதையும் லேசாப் படுக்க வைங்க. இப்ப வாசிங்க. ம்... ம்... கடைசி சுரம் மட்டும் லேட்டா வருது.

— ஆமா, அடிச்சதுக்கப்புறம் யோசிச்சு யோசிச்சு வருது.

— அடிக்கம்பி தடிமன். அதிர்ந்து நிதானத்துக்கு வந்தாத்தான் இதுக்குப் புரியும். அதே சுரத்த ஒரு ஸ்தாயி மேல ஏறி மெல்லிசு கம்பியில பிடிங்க. பெடல்ல ஒரு ஸ்தாயி எறக்கிக்கலாம். அந்த ஓரத்து நாப். அதில்ல, அதுக்குப் பக்கத்துல. தள்ளுங்க, நானே திருப்பறேன்.

— இப்பத்தான கைய வெக்காதீங்கன்னேன்.

— வாசிங்கண்ணே!

— சரி, சரி... யம்மா! சகலை!

— நிறுத்தாதீங்க.

— சகலை, இது நானா?

— நிறுத்தாதீங்கன்னு சொல்றேன்ல. அங்க அழுத்தித் தட்டுங்க. இன்னும். ஆங். தொறந்துச்சு பாருங்க சத்தம். இப்ப மெதுவா... மூடிக்குச்சு. மறுபடியும் அழுத்தமா...

— கேட்டீங்களா? நாற்காலியெல்லாம் அதிருது! கீழேருந்து யாரோ கை தட்டறாங்க சகலை! இது பாஸ் கிட்டாருக்குத் தட்டற கை!

— கேட்டேன்.

— ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? நல்லா இல்லையா?

— நல்லாருக்கு. அதான் பிரச்சனை.

— புரியற மாதிரி சொல்லுங்க.

— நான் அந்தச் சத்தத்தத் தொறந்து மூடணும்னா ஒரு கைய எடுத்து கீபோர்டு ஓரத்துல இருக்கற சக்கரத்தத் திருப்பணும். திருப்பறதுக்குள்ள அந்த எடம் போயிடும். உங்களுக்கு விரலே செய்யுது. கோவமாத் தட்டுனா கோவமா வருது, தடவுனா கெஞ்சுது. நான் கீய அமுக்கறேன், அவ்வளவுதான். உள்ள கம்பியா இருக்கு எனக்கு? என்கிட்ட இருந்தப்ப அது வெறும் சத்தம்ணே. உங்க கையில உயிரோட இருக்கு.

— சகலை, உங்களுக்குப் பொறாமையா?

— ஆமா.

— நெஜமாவா? எம்மேலயா?

— எத்தன தடவ சொல்லச் சொல்றீங்க? ஆமா. எனக்கும் வயிறு எரியுது. கேட்டுட்டீங்கல்ல, சந்தோஷமா?

— பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப சந்தோஷமா இருக்கு. எங்க என் போனு? இப்பவே பாட்டுக்காரம்மாவக் கூப்பிடறேன்.

— இப்ப வேண்டாம்ணே. நாளைக்குப் பேசிக்கலாம்.

— நாளைக்கு எதுக்கு? விரல் சூடா இருக்கு.

— இன்னும் கொஞ்சம் பழகிட்டுக் கூப்பிடுங்க. அவசரப்பட்டு...

— அட போங்க. பழகுனது போதும். மணி போகுது, ஸ்பீக்கர்ல போட்டு இந்த ஆம்ப் பொட்டி மேலயே வெக்கறேன். நீங்க மூச்சு விடாதீங்க... அம்மா, நான்தான். ஒரு நிமிஷம் பேசாம கேளுங்க. கப்பலுக்கு ஆள் முடிவு பண்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ கேட்டுடுங்க...

— பாஸ்காரரே, நிறுத்துங்க, நிறுத்துங்க. கீபோர்டு யாரு வாசிச்சா? உங்க சகலை பக்கத்துல இருக்காரா?

— யாருமில்லம்மா. நான் மட்டும்தான். என் கிட்டார், ஒரு பெடல், என் பத்து விரல். வேற ஒரு ஈ காக்கா கெடையாது.

— பொய் சொல்லாதீங்க. அந்த ஆட்டப் பாட்டோட உருட்டல் உங்க கையிலேருந்தா வந்துச்சு?

— சத்தியமா என் கைதாம்மா.

— ஐயோ, இத நேத்திக்கே கேக்க வெச்சிருக்கக் கூடாதா? காலையில உங்க சகலையக் கூப்பிட்டு, கப்பலுக்கு நீங்கதான், துணிமணி எடுத்து வைங்கன்னு சொல்லிட்டேனே. மனுஷன் எவ்வளவு சந்தோஷப்பட்டாரு தெரியுமா! இருங்க... என் வீட்டுக்காரர் இங்க எந்திரிச்சே நின்னுட்டாரு. இந்த ஆள விட்டா மேடைக்கு அர்த்தமில்லங்கறாரு. எனக்கும் அதேதான். சரி, நீங்களே வாங்க. ஆனா ஒண்ணு, அவருகிட்ட இனிமே வேண்டாம்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. நீங்க சொந்தக்காரர், நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. வெச்சுடறேன்.

— சகலை... காலையிலயே உங்களுக்குச் சொல்லிட்டாங்களா?

— ம்.

— அப்ப இங்க எதுக்குத்தான் வந்தீங்க?

— அதச் சொல்லத்தாண்ணே வந்தேன். நீங்க தப்பா வாசிச்சுக்கிட்டிருந்தீங்க, பாழாப்போன காது சும்மா இருக்க மாட்டேன்னுடுச்சு.