படத்தில் இல்லாத அக்கா

சங்ககிரியிலிருந்து ஜலகண்டாபுரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒருவர், அவர் பக்கத்தில் வயதான பயணி ஒருவர்.

"அந்தப் படத்துல அக்காளுக்கு ஒரு கட்டம் போடாம உட்டுட்டனுங்க" என்றார் அட்டைக்காரர். அதற்குப் பிறகு என் கண் ஜன்னல் பக்கம் போகவில்லை.

"என்ன படமுங்க?"

"எங்க போர்வெல் ரிக் கம்பெனி மொத்தத்தையும் படிப்படியா கம்ப்யூட்டருக்கு மாத்தறமுங்க. இப்ப வேலை எப்படி நடக்குதுன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டுப் படம் வரையறதுதான் மொதப் படி. நான் யாரையும் கேக்காம ரூம்ல உக்காந்தே வரைஞ்சுட்டேன். போன் எடுக்கற அக்கா அதுல இல்லை. படத்துல இல்லாத ஆளு எதுக்குன்னு மொதலாளி வேலைய உட்டு நிறுத்திட்டாரு."

"அப்புறம் கம்ப்யூட்டர் ஓடுச்சுங்களா?"

"ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சுங்க. எனக்குச் சால்வை கூடப் போத்துனாங்க. நேத்துத்தான் தெரிஞ்சுது. வடக்க போர் போடற வண்டிக்காரங்க, சாமான் ஒடஞ்சா அக்கா ஊட்டுக்குத்தான் போன் போட்டிருக்காங்க. அக்கா சம்பளம் இல்லாமயே ஸ்டோருக்குச் சொல்லி சாமானை அனுப்ப வெச்சிருக்காங்க. அதான், மன்னிப்புக் கேக்க அவங்க ஊருக்குப் போறேன். ஊடு எதுன்னு தெரியாதுங்க."

"எறங்குன ஒடனே நானே ஊட்டை விசாரிச்சுத் தாரேன். அந்தம்மா பேரு என்னங்க?"

அவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எட்டு வருசமா போன் அக்கான்னுதானுங்க கூப்புட்டுட்டு இருக்கேன்."